மேல் வீடு, கீழ் வீடு, நடுவே ஒரு ஒயர்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குள் நெட்வொர்க் கேபிள் இழுத்துக்கொண்டிருந்த நாட்களில், வாசலில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "வைஃபை இருக்கும்போது எதுக்குங்க இவ்வளவு ஒயர்?" பக்கத்து வீட்டு மாமா கேட்டார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த சித்தப்பா கேட்டார். இணைப்புக் கொடுக்க வந்த கேபிள்காரப் பையனே கேட்டான். ஒரு பெட்டி எட்டாவிட்டால் இன்னொன்று, அதுவும் எட்டாவிட்டால் மூன்றாவது என்று, வைஃபையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் மெஷ் பெட்டிகளின் விலையை வரிசையாகச் சொன்னான். அவர்களுக்கு நான் சொல்ல நினைத்த பதில் வாசலில் நின்று சொல்லி முடிக்கிற அளவில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். ரோட்டிலிருந்து கீழே இறங்கி இறங்கிக் கட்டிய மலை வீடு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதிப் பாதி எனக்கே ஓர் எலக்ட்ரீஷியன் சொல்லித்தான் தெரிந்தது.

எங்கள் வீடு சரிவில் நிற்கிறது. ரோட்டு மட்டத்தில் இருப்பது பழைய பகுதி. கருங்கல் சுவர், ஜன்னல் திண்டில் ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். மேலே தகரக் கூரை, அதற்கடியில் பலகை சீலிங். படியிறங்கினால் அப்பா பின்னாளில் கட்டிய நடு மட்டம், செங்கல்லும் கான்கிரீட்டும். அதற்கும் கீழே, காய்கறிப் பாத்திகளைத் தாண்டி, தம்பி குடும்பம் இருக்கும் தனி வீடு. முதல் இரண்டும் சேர்ந்து மேல் வீடு, அது கீழ் வீடு. இன்டர்நெட் ஃபைபர் வருவது ரோட்டோரக் கம்பத்திலிருந்து, அதாவது மேலே. வேலை நடப்பதெல்லாம் கீழே. நடு மட்டத்தில் ஓர் அறையில் என் மனைவி கோவை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கீழ் வீட்டில் தம்பி மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறான். அப்பாவுக்குத் தோட்டத்து மூலையில் கேமரா வேண்டும். இருட்டிய பிறகு காட்டு மாடு வந்து நிற்கிறதா என்று பார்க்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள சட்டம்.

வைஃபை ஏன் போதவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் கனத்த கல் சுவர் பிடிக்காது. நனைந்த கல் இன்னும் பிடிக்காது. 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடு மட்டத்தின் பின் சுவருக்கு அந்தப் பக்கம் அறை கிடையாது, மண்தான். மேலே ஹாலில் வைத்த பெட்டியின் அலை நடு மட்டத்துக்கு வர வேண்டுமானால் கான்கிரீட் தளத்தைத் துளைக்க வேண்டும், இல்லையென்றால் மலையையே துளைக்க வேண்டும். மெஷ் பெட்டிகள் ஒயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசும்போது, பல மாடல்களில் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே ரேடியோவில் நடக்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது. மூன்றாவது பெட்டிக்கு வந்து சேர்வதை வைத்துக்கொண்டு வகுப்பு எடுக்க முடியாது. போனும் டேப்பும் என்றைக்கும் வைஃபையில்தான் ஓடும். அந்த வைஃபைப் பெட்டி ஒவ்வொரு மட்டத்திலும் ஒன்று இருக்க வேண்டும், அதற்கு ஒயர் வந்து சேர வேண்டும். நான் ஒயர் இழுத்தது இதற்காகத்தான்.

சுவிட்சுக்குப் பின்னால் சுவிட்ச்

ஒயர்தான் என்று முடிவானதும் அடுத்த கருத்து வந்தது. "சுவிட்சுக்குப் பின்னால சுவிட்ச் போட்டா ஸ்பீடு போயிடும்." இதையும் எல்லோரும் சொல்கிறார்கள். (சுவிட்ச் என்றால் விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை, பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் சின்னப் பெட்டி.) கடைக்காரர் சொன்னார், கேமரா மாட்ட வந்தவர் சொன்னார். இந்த ஒரு வாக்கியம் ரொம்ப நாள் என் மண்டையில் உட்கார்ந்திருந்தது. மூன்று மட்டம் உள்ள வீட்டில் ஒரே சுவிட்சோடு எப்படி முடிப்பது? சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

டேட்டா சின்னச் சின்னப் பாக்கெட்டாகத்தான் போகும். சாதாரண ஜிகாபிட் சுவிட்ச், அதாவது வினாடிக்கு 1000 மெகாபிட் கடத்துவது, ஒரு முழு அளவுப் பாக்கெட்டை, அதாவது 1500 பைட்டை, வாங்கி முடித்து அடுத்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) அனுப்ப ஏறத்தாழ 12 மைக்ரோ வினாடி எடுக்கும். மூன்று சுவிட்ச் வரிசையாக இருந்தாலும் ஒரு மில்லி வினாடியில் இருபதில் ஒரு பங்கைத் தொடாது. இங்கிருந்து சென்னையில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்ப அதைப்போல நூறு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆக, தாமதம் என்று பயப்பட ஒன்றுமில்லை. அகலத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஊற்றுத் தண்ணீரை ஒரே கறுப்பு ஓஸில் இறக்கி வழியில் நாலு வீடு டி போட்டு எடுத்தால் கடைசி வீட்டில் சொட்டும், இல்லையா? இரண்டு சுவிட்சை இணைக்கும் ஒரே கேபிளும் அப்படித்தான், அந்தப் பக்கத்தில் உள்ள எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தக் கேபிளின் கொள்ளளவு வினாடிக்கு 1000 மெகாபிட். ஒரு கேமரா 4 முதல் 8 மெகாபிட், வீடியோ கால் 3 அல்லது 4, 4கே படம் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும் இன்டர்நெட்டே 100 மெகாபிட்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் ஓஸ் நிரம்பாது. நிரம்புகிற ஒரே இடம், வீட்டுக்குள்ளேயே பெரிய ஃபைல்களைத் தள்ளும்போது. தம்பி பதிவு செய்த வகுப்பு வீடியோக்களை மேல் வீட்டு ஹார்டு டிஸ்குக்கு நகல் எடுப்பான். அது ஓடுகிற நேரத்தில் இரண்டு வீட்டுக்கும் இடையே உள்ள கேபிள் நிஜமாகவே நிரம்பும். அதை ராத்திரிக்குத் தள்ளிவிட்டால் போதும்.

ஸ்பீடு பற்றிய அந்தக் கருத்து இப்படிக் கரைந்து போனது. அப்புறம்தான் உண்மையான பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் அடாப்டர், ஒவ்வொரு அடாப்டருக்கும் ஒரு பிளக் பாயின்ட். கோத்தகிரியும் குன்னூரும் நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பவை. எங்களுக்குக் கனமழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் நவம்பரில். காற்றடித்து சில்வர் ஓக் கிளை ஒன்று லைனில் சாய்ந்தால் போதும், கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அது எல்லா பிளக்குக்கும் போவதில்லை. ரோட்டு மட்டத்தில் ஒரு சுவிட்ச், அதிலிருந்து நடு மட்டத்துக்கு, அதிலிருந்து கீழ் வீட்டுக்கு என்று சங்கிலியாகப் போட்டால், நடுவில் இருப்பது இன்வெர்ட்டர் பாயின்டில் இல்லாத ஒரே காரணத்துக்காகக் கீழ் வீட்டில் வகுப்பு நின்றுபோகும். அங்கே விளக்கு எரியும், கம்ப்யூட்டர் ஓடும், மேலே மோடமும் ஓடும். நடுவில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் செத்துக் கிடக்கும். நெட்வொர்க் போடுபவர்கள் முதலில் கேட்பது "எத்தனை போர்ட் வேணும்?" என்றுதான். மலையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது எந்தக் கரண்டில் ஓடப்போகிறது என்பது. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன்.

அதனால் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் இடத்தை இன்வெர்ட்டரை வைத்து முடிவு செய்தோம். நடு மட்டத்தில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரி. இன்வெர்ட்டர் அதன் பக்கத்து மூலையில்தான் நிற்கிறது. வெளிச்சுவர் எதையும் தொடாத இடம் என்பதால் ஈரமும் குறைவு. ஆனி ஆடியில் தோல் பெல்ட்டில் பூஞ்சணம் பூக்கிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. ஈரச் சுவரில் பதித்த பழைய டெலிபோன் சாக்கெட்டைக் கழற்றியபோது உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. கேபிள்காரப் பையன் வழக்கம்போல ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மோடத்தை மாட்ட வந்தான். ஃபைபரைப் படியோரமாக இறக்கி அந்த அலமாரிக்குள்ளேயே கொண்டு வரச் சொன்னோம். கொஞ்சம் முனகினான், செய்துகொடுத்தான்.

கம்பிகள் எங்கே கூடுகின்றன என்பதை முதலில் முடிவு செய்வது எனக்குப் பிடித்துப்போனதற்கு ஊட்டிப் பக்கம் ஒரு காரணம் இருக்கிறது. முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். 1970 முதல் இயங்குகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகை எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு, சுமார் 11 டிகிரி, சாய்ந்திருக்கும் மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன் மேலேயே அமைத்தார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. அதிலுள்ள 1056 டைபோல்களும், அதாவது சின்ன ஆன்டெனாக்களும், 48, 48 ஆக 22 தொகுதிகளாகச் சேர்ந்து, அதன் பிறகுதான் அறைக்குள் வருகின்றன. சரிவையே வேலைக்கு எடுத்துக்கொண்ட இடம் அது. வீட்டு வரைபடத்தை மேசையில் விரித்தபோது அடிக்கடி என் நினைவுக்கு வந்தது.

சுவர் சொன்ன எண்ணிக்கை

எத்தனை சுவிட்ச் என்பதைக் கடைசியில் சுவர்தான் முடிவு செய்தது. முடிந்தவரை ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கேபிள், எல்லாம் அலமாரிக்கு. மனைவியின் அறைக்கு இரண்டு, நடு மட்ட வைஃபைப் பெட்டிக்கு ஒன்று, தோட்டத்துக் கேமராவுக்கு ஒன்று, வாசல் கேமராவுக்கு ஒன்று. ரோட்டு மட்டத்து ஹாலில் மட்டும் இது நடக்கவில்லை. கருங்கல் சுவரில் துளை போடுவது கொத்தனாருக்கு அரை நாள் வேலை, பக்கத்துக் கல் அசைந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. ஒரே ஒரு துளை, அதில் இரண்டு கேபிள் நுழையும். ஆனால் அங்கே டிவி, அப்பாவின் கம்ப்யூட்டர், வைஃபைப் பெட்டி என்று மூன்று தேவை. ஆகவே டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச். மூன்றாவது கீழ் வீட்டில், அது தனிக் கட்டடம் என்பதால். மொத்தம் மூன்று, அவ்வளவுதான். ஒன்று நடுவில், இரண்டு அதிலிருந்து நேராகப் பிரிந்து. ஒன்றின் வாலில் இன்னொன்று கிடையாது.

நடு சுவிட்ச் பிஓஇ வகை. அதாவது டேட்டா போகும் அதே கேபிளில் கரண்டும் போகும். 2003-இல் வந்த முதல் தரநிலையில் போர்ட்டுக்கு 15.4 வாட், 2009-இல் வந்ததில் 30 வாட். கேமராவுக்கும் வைஃபைப் பெட்டிக்கும் இது தாராளம். ஹாலில் வைத்த சின்ன சுவிட்சும் பிஓஇ-யிலேயே உயிர் வாங்கும் வகை, அதற்குத் தனி அடாப்டர் கிடையாது. இப்படிச் செய்ததும் மேல் வீட்டின் மொத்த நெட்வொர்க்குக்கும் பிளக் பாயின்ட் இரண்டே இரண்டு: மோடத்துக்கு ஒன்று, நடு சுவிட்சுக்கு ஒன்று. இரண்டும் இன்வெர்ட்டரில். எல்லாம் சேர்ந்து 40 வாட்டுக்குள் அடங்கும். 150 ஏஎச் பேட்டரி கொஞ்சம் பழையதாக இருந்தாலும் ஒரு ராத்திரி தாண்டும்.

"எர்த்தும் தனிதானே?"

இனி நான் சொல்லப்போகிற விஷயத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை. மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குப் போகும் கேபிளையும் வரைபடத்தில் மற்றவை மாதிரியே கேட் 6 செம்புக் கேபிளாகத்தான் போட்டிருந்தேன். நீளம் பிரச்சினை இல்லை. கயிற்றை வைத்துப் படியோரமாக, பாத்தி ஓரமாக, சுவர் ஏறி இறங்கி அளந்ததில் 60 மீட்டர்கூட வரவில்லை. ஈதர்நெட்டுக்கு, அதாவது இந்த ஒயர் நெட்வொர்க் முறைக்கு, 100 மீட்டர் வரை அனுமதி. நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் இடைவெளி அதில் பாதிதான். சரிவில் கேபிள் நேர்கோட்டில் போகாது என்பதால் கயிற்றை நம்புவதே நல்லது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து, பைப் பதிக்கக் குழி வெட்டும் நாளில் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் தாளைக் காட்டினேன். ரொம்ப வருஷமாக எஸ்டேட் பங்களாக்களிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் வயரிங் பார்த்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெட்வொர்க் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தம்பி, கீழ் வீட்டுக்குத் தனி சர்வீஸ்தானே?"

"ஆமாங்கண்ணா, தனி மீட்டர்."

"அப்போ எர்த்தும் தனிதானே?"

தனிதான். மேல் வீட்டுக்கு வாசல் பக்கத்தில் கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி. கீழ் வீட்டுக்கு அடியில் பாறை ஏறி வந்திருப்பதால், குளியலறைத் தண்ணீர் போகிற ஈர மண்ணாகப் பார்த்து ராடு அடித்திருக்கிறார்கள். "ரெண்டு எர்த்தையும் ஒரு செம்புக் கம்பியால சேர்க்கப் போறீங்க" என்றார் அவர். எங்கோ ஓர் எஸ்டேட்டில் ஆபீசுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் இப்படிச் செம்புக் கேபிள் போட்டிருந்தார்களாம். சித்திரை மழையில் பக்கத்து மரத்தில் இடி விழுந்தது. கட்டடத்தில் எதன் மேலும் விழவில்லை. ஆனால் கேபிளின் இரண்டு முனையிலும் சுவிட்சு போர்ட்டுகள் கருகிப் போயிருந்தன. அடாப்டர்கள் நன்றாக இருந்தன, பல்புகள் நன்றாக இருந்தன, அந்தக் கேபிள் தொட்ட இடம் மட்டும் போயிற்று.

அன்றைக்குக் குழி வெட்டவில்லை. அவர் சொன்னதை வைத்துக்கொண்டு படிக்கப் படிக்க விஷயம் தெளிவானது. இடி பக்கத்தில் மண்ணில் இறங்கும்போது அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தமே சட்டென்று ஏறுகிறது, தள்ளித் தள்ளிப் போகக் குறைகிறது. ஐம்பது மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு எர்த்துக்கு இடையே அந்த நொடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். பாறை நிலத்தில் எர்த் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்பதால் இன்னும் மோசம். அந்த வித்தியாசம் தன்னைச் சமப்படுத்திக்கொள்ள வழி தேடும்போது, இரண்டு வீட்டையும் இணைக்கும் கேபிள் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. ஈதர்நெட் போர்ட்டுக்குள் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் உண்டு. அது 1500 வோல்ட் வரை பிரித்து நிற்கும்படி செய்யப்பட்டது. சாதாரண நாட்களில் இரண்டு எர்த்துக்கு இடையே இருக்கும் சில வோல்ட்டுக்கு அது போதும். இடிக்குப் போதாது. ஷீல்டு, அதாவது உலோக உறை, போட்ட கேபிள் வாங்கி இரண்டு முனையிலும் எர்த் செய்தால் பாதுகாப்பு என்று ஒரு கடையில் சொன்னார்கள். இரண்டு எர்த்தையும் தடிமனான கம்பியால் சேர்த்துவைப்பதுதான் அதற்கு அர்த்தம். எனக்கு அது வேண்டாம்.

சின்ன வயதில் இடி முழங்கினால் அப்பா முதலில் ஓடுவது டெலிபோன் ஒயரைப் பிடுங்கத்தான். கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் செம்பை அவர் நம்பியதே இல்லை. இப்போது ரோட்டிலிருந்து வருவது கண்ணாடி இழை என்பதால் அந்த ஓட்டம் நின்றுவிட்டது. அப்படியிருக்க, என் கையாலேயே இரண்டு வீட்டுக்கு நடுவே புதிதாக ஒரு செம்பு வழி போட என்ன அவசியம்? கீழ் வீட்டுக்கும் ஃபைபர் என்று முடிவு செய்தேன். வரைபடத்தில் அந்த ஒரு கோட்டை அழித்து வேறு நிறத்தில் போட்டதும் மற்றதெல்லாம் தானாகச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. ஒரே எர்த்துக்குள் இருப்பதெல்லாம் செம்பு. எர்த் மாறுகிற இடத்தில் கண்ணாடி.

குழி, பைப், இழை

ஃபைபர் என்றதும் பெரிய செலவு என்று நினைக்கிறார்கள். சிங்கிள் மோட் என்ற வகை ஃபைபர் கேபிள் இப்போது செம்பைவிட விலை குறைவு. இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற, செம்பில் வருவதை ஒளியாகவும் ஒளியைத் திரும்பச் செம்புக்கும் மாற்றும் சின்னப் பெட்டி வேண்டும். ஒரே இழையில் போகவும் வரவும் செய்யும் வகையில் ஒன்று ஏ, இன்னொன்று பி என்று ஜோடியாக வரும். ஒன்று 1310 நானோமீட்டர் ஒளியில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது தலைகீழ். இரண்டு ஏ வாங்கி வந்துவிட்டால் வேலை செய்யாது. முனை ஒட்டுவதற்கு ஸ்ப்ளைசிங் மெஷின் வைத்திருக்கும் லைன்மேன் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் மேலுறையை உரித்து, ஆல்கஹால் பஞ்சால் துடைத்து இழையைக் காட்டினார். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால்தான் தெரிகிறது. கண்ணாடியின் மொத்தக் கனமே 125 மைக்ரான், அதற்குள் ஒளி ஓடுகிற நடுப்பகுதி 9 மைக்ரான். மெஷினுக்குள் இரண்டு முனையும் எதிரெதிரே வந்து நின்று, திரையில் பெரிதாகத் தெரிந்து, ஒரு பொறி பறந்ததும் ஒன்றாகிவிட்டன. தம்பியின் மகள் இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். மீதமிருந்த துண்டில் அவரும் செய்து காட்டினார்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வீடுகளுக்கு இழுக்கும் கறுப்பு ட்ராப் கேபிளில் தாங்குவதற்கென்று ஓர் இரும்புக் கம்பி ஒட்டியே வரும். கம்பத்திலிருந்து தொங்கவிட அது தேவை. இரண்டு வீட்டுக்கு நடுவே அதோடு இழுத்துக் கொண்டுபோய் இரு முனையிலும் உள்ளே விட்டால் கண்ணாடி போட்ட பலனே போய்விடும். உலோகமே இல்லாத வகை கேட்டு வாங்கலாம். கிடைக்காவிட்டால் அந்தக் கம்பியை இரண்டு வீட்டுக்கும் வெளியிலேயே உரித்து வெட்டிவிட வேண்டும். நாங்கள் பைப்புக்குள் விட்டதால் தாங்குகம்பி தேவைப்படவே இல்லை. தொங்கவிடாததற்குக் காரணம் குரங்குகள். தொங்குகிற எந்த ஒயரையும் அவை விட்டுவைப்பதில்லை.

மலையில் பைப் பதிக்கும்போது சமவெளிக்காரர்கள் யோசிக்காத ஒன்று இருக்கிறது. மேலிருந்து கீழே சரிவாகப் பதித்த பைப், மழைக்காலத்தில் தண்ணீர்க் குழாய் ஆகிவிடும். மேல் முனையில் நுழைந்த தண்ணீர் நேராகக் கீழ் வீட்டு சுவிட்சின் மேல் வந்து இறங்கும். அதனால் கீழ் வீட்டுச் சுவருக்கு முன்னால் பைப்பைச் சுவர்த் துளைக்குக் கீழே கொண்டுபோய், அடிமட்டத்தில் ஓர் ஓட்டை போட்டு, அங்கிருந்து மேலே ஏற்றி உள்ளே விட்டோம். தண்ணீர் அந்த ஓட்டையில் வடிந்துவிடும், கேபிள் மட்டும் ஏறி வரும். மேல் முனையைக் கவிழ்த்து வைத்து அடைத்தாயிற்று. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு, சரிவில் மண் ஒரே இடத்தில் நிற்காது என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் ஓர் இடத்தில் சின்னத் தொட்டி கட்டி, அதற்குள் கேபிளைக் கொஞ்சம் தளர்வாகச் சுற்றி வைத்திருக்கிறோம். பைப் நகர்ந்தாலும் கேபிள் இழுபடாது.

கண்ணாடியில் கரண்ட் போகாது என்பதால் கீழ் வீட்டுக்கு மட்டும் மின்வசதி தனியாக வேண்டும். தம்பி வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஒரு பாயின்ட் கொடுத்துவிட்டோம். செம்பு போட்டிருந்தால் இங்கிருந்தே கரண்டும் போயிருக்கும், ஒரு பிளக் மிச்சம். அதை விட்டுக்கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

எட்டு நிறம்

வீட்டுக்குள் போட்ட செம்புக் கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் வாங்காதீர்கள். ரெசிஸ்டன்ஸ் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பிஓஇ-யில் கரண்ட் போகும்போது வழியிலேயே சூடாகி வீணாகும், வளைத்தால் உடையும். சுவருக்குள் போட்டு மூடுகிற பொருளில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

முனை அடிப்பதை, அதாவது கேபிள் முனையில் பிளக் மாட்டுவதை, நானே செய்தேன். மார்கழிக் காலையில் விரல் மரத்துப்போன நிலையில் எட்டுக் கம்பியைப் பிரித்து நேராக்குவது பொறுமையைக் கேட்கும் வேலை. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் பிரிந்து நீல ஜோடிக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது, அதைக் கவனியுங்கள். இங்கே பல வீடுகளில் அதைச் செய்யாமல், ஜோடி ஜோடியாக வரிசைப்படுத்தி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடித்துவிடுகிறார்கள். சின்ன டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும், சரி என்று போய்விடுவார்கள். அந்த டெஸ்டர் பார்ப்பது கம்பி தொடர்ந்து போகிறதா என்பதை மட்டும்தான். ஒன்றையொன்று முறுக்கிய ஜோடிதான் வெளி இரைச்சலைத் தள்ளிவிடுகிறது. ஜோடி மாறிப்போனால் அந்தக் காப்பு போய்விடும். நீளமான கேபிளில் இணைப்பு விட்டு விட்டு வரும், அல்லது ஜிகாபிட் பிடிக்காமல் 100-இல் நின்றுவிடும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். சுவிட்சில் எரியும் விளக்கின் நிறத்தை ஒவ்வொரு போர்ட்டாகப் பார்த்தால் எது எந்த வேகத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் அடித்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை.

எல்லாம் ஓட ஆரம்பித்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பொங்கலுக்கு முந்தின வாரம் மேல் வீடு, கீழ் வீடு இரண்டிலும் நெட் சுத்தமாக நின்றது. எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் துடித்தன. அம்மா ஹாலைச் சுத்தம் செய்தபோது, டிவிக்குப் பின்னால் தொங்கிய கேபிள் முனையைப் பார்த்து, பாவம் கழன்றுவிட்டது என்று பக்கத்தில் இருந்த காலித் துளையில் செருகியிருக்கிறார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. யார் வீட்டிலும் யாரும் செய்யக்கூடியது இது. இத்தனை தடவை தாவியதும் அழிந்துவிட வேண்டும் என்ற ஆயுள் எண்ணிக்கை ஈதர்நெட் பாக்கெட்டுக்குக் கிடையாது. சுற்றுவழி கிடைத்தால் எல்லோருக்குமான பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லா சுவிட்சையும் நிரப்பிவிடும். இதைத் தடுக்கும் வழியை ரேடியா பெர்ல்மன் 1985-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஸ்பானிங் ட்ரீ என்று பெயர். ஆனால் நம் வீட்டுக்கு வரும் விலை குறைந்த சுவிட்சுகளில் அது இருப்பதில்லை. நடு சுவிட்சில் லூப், அதாவது இந்தச் சுற்றுவழியை, கண்டுபிடிக்கும் வசதி இருந்தது, ஆனால் வாங்கும்போது அணைத்தே வருகிறது. இப்போது போட்டு வைத்திருக்கிறேன். மூன்று சுவிட்ச் உள்ள வீட்டில் நடுவில் இருப்பதாவது இந்த வசதியோடு இருக்கட்டும். அம்மாவுக்காக காலித் துளைகளில் ரப்பர் மூடி போட்டாயிற்று.

மீதமிருப்பது எர்த் வேலைதான். இடி கரண்ட் லைன் வழியாகவும் வரும் என்பதால் மேல் வீட்டில் கரண்ட் பிரியும் டிபி பெட்டியில், சட்டென்று ஏறும் மின்னழுத்தத்தை (சர்ஜ்) தடுக்கும் எஸ்பிடி என்ற கருவியை மாட்டிவிட்டோம். எர்த் சரியில்லாமல் அது வேலை செய்யாது. கீழ் வீட்டு ராடு பாறைக்கு மேலே எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ரெசிஸ்டன்ஸ் அளந்து பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பாத்தி ஓரம் ஆழமான மண் உள்ள இடத்தில் புதுக் குழி போடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன் அண்ணன். எர்த் மீட்டர் வைத்திருக்கும் ஒருவரைக் குன்னூரிலிருந்து வரச் சொல்லியிருக்கிறோம். சித்திரை மழை தொடங்குவதற்குள் அளந்தாக வேண்டும்.